போல்டுக்குக் கீழே சுப்பீரியர்

போடிநாயக்கனூரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். செடிக்கும் அதே பெயர், விலை கேட்டு விற்பதற்கும் அதே பெயர். செடியின் பெயர் நம்முடையது. விற்பனைக்கான சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து தேய்ந்தது என்பார்கள். ஒலி ஒன்றாக இருந்தும் இந்த ஊரில் யாரும் இதில் குழம்புவதில்லை. குழப்பமெல்லாம் ஆங்கிலச் சொற்களில்தான். அகராதியில் அக்கம்பக்கமாக இருக்கும் இரண்டு சொற்கள் இங்கே நிலத்தையும் பணத்தையும் வெவ்வேறு திசைக்கு இழுத்துக்கொண்டு போகின்றன.

முதலில் மலையைப் பார்ப்போம். போடிமெட்டு ஏறினால் கேரள எல்லை. அதைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. இந்தப் பகுதிக்கு ஆவணப் பெயர் கார்டமம் ஹில் ரிசர்வ், பேச்சில் சி.எச்.ஆர். போடி, தேவாரம், கம்பம் பக்கத்தவர் பலருக்கு அங்கே தோட்டம் உண்டு. விடிந்ததும் ஜீப்பில் ஏறி, வேலை முடிந்து பொழுது சாய இறங்கும் தொழிலாளர்களும் இங்கிருந்துதான் போகிறார்கள். இவர்கள் எல்லோருடைய பிழைப்பும் ‘ரிசர்வ்’ என்ற ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது.

ரிசர்வ் என்றால் ஒதுக்கி வைத்தது. சரி, எதற்காக ஒதுக்கியது? ஏலம் பயிரிட என்கிறார்கள் விவசாயிகள். காடு காடாகவே இருப்பதற்கு, அதாவது ‘ரிசர்வ்ட் ஃபாரஸ்ட்’ என்ற பொருளில்தான் என்கிறார்கள் வழக்குத் தொடுத்த சூழலியல் தரப்பினர். திருவிதாங்கூர் அரசு 1897 ஆகஸ்ட் 24 அன்று வெளியிட்ட அறிவிக்கையில் அடங்கிய பரப்பு 15,720 ஏக்கர் என்பது கேரள அரசின் நிலை. இல்லை, 2,15,720 ஏக்கர் என்பது எதிர்த்தரப்பு. முன்னால் ஒரு ‘2’ இருந்ததா இல்லையா என்று நூறாண்டு கழித்தும் வழக்காடுகிறார்கள்! நடைமுறையில் நிலம் வருவாய்த் துறையிடமும், அதில் நிற்கும் மரம் வனத்துறையிடமும் இருக்கின்றன. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இங்கே புதிய பட்டா வழங்க இடைக்காலத் தடை விதித்தது. காடு என்று முடிவானால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். வேறு எந்தப் பயன்பாட்டுக்கும் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும்.

இதோடு இன்னொரு ஜோடியும் சேர்ந்துகொள்கிறது: ரிசர்வ்ட், புரொடெக்டட். தமிழில் இரண்டையும் ‘காப்பு’, ‘பாதுகாப்பு’ என்று சொல்லிவிடுவதால் ஒன்றுபோலத் தெரியும். 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் அவை ஏறக்குறைய எதிரெதிர். ரிசர்வ்ட் காட்டில் அனுமதித்ததைத் தவிர எல்லாமே தடை. புரொடெக்டட் காட்டில் தடுத்ததைத் தவிர எல்லாமே அனுமதி. காட்டோரத்தில் ஆடு மேய்ப்பவருக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும், அபராதம் கட்டிப் படித்த பாடம்.

மலையிலிருந்து சரக்கு இறங்கி வருகிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தினால் ஒரு கிலோ ஏலக்காய். அதைச் சலித்து, பொறுக்கி, தரம் பிரிக்கிறார்கள். போடியில் பெண்கள் பலருக்கு இதுதான் வேலை. அக்மார்க் தரப் பட்டியலில் உள்ள பெயர்களை ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொன்னால் கட்டாயம் தப்பாகத்தான் அடுக்குவார். உச்சியில் இருப்பது எக்ஸ்ட்ரா போல்டு: 7 மில்லிமீட்டர், லிட்டருக்கு 435 கிராம். அடுத்தது போல்டு: 6 மில்லிமீட்டர், 415 கிராம். ‘மேலானது’ என்று பொருள்படும் சுப்பீரியருக்கு மூன்றாம் இடம்தான்: 5 மில்லிமீட்டர், 385 கிராம். போல்டு என்றதும் பள்ளிக்கூட ஆங்கிலம் தைரியத்தை நினைக்கும், அச்சகத்தார் தடித்த எழுத்தை நினைப்பார்கள். விளைபொருள் சந்தையில் அதற்குப் பருமன் என்பதே பொருள். நிலக்கடலையிலும் போல்டு ரகம் உண்டு. கடைசி வரிசையில் வரும் ‘லைட்’ வெளிர்நிறத்தைக் குறிப்பதல்ல, எடை குறைந்தது என்று அர்த்தம்.

எக்ஸ்ட்ரா போல்டு எவ்வளவு பருத்திருந்தாலும் அரசுக் கணக்கில் அது ‘ஸ்மால் கார்டமம்’தான். ‘லார்ஜ் கார்டமம்’ என்பது வேறு செடி. சிக்கிமிலும் நேபாளத்திலும் விளையும் கறுப்பு ஏலக்காய், புகைவாடை கொண்டது, பிரியாணிக்குப் போடுவது. பெரிய காய் வேண்டும் என்று இணையக் கடையில் ‘லார்ஜ்’ என்று தேடி வாங்கிவிட்டு, பாயசத்தில் போட்டு முகம் சுளித்தவர்கள் இருக்கக்கூடும். இந்தத் தரங்களுக்கு முன்னொட்டாக வரும் ‘ஆலப்பி கிரீன்’ என்பதை நம்பி ஆலப்புழையில் தோட்டம் தேடவும் வேண்டாம். அது கடலோர ஊர். ஏல வணிகம் திருவிதாங்கூர் அரசின் ஏகபோகமாக இருந்த காலத்தில் கிடங்கு அங்கே இருந்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

மின்னேல மையத்தில் மாட்டிக்கொள்ளும் ஜோடி மேக்சிமம், ஆவரேஜ். போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னேலம் நடக்கிறது. 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் தொட்டது என்று செய்தி வந்தது. அது மேக்சிமம். அன்று வந்த சரக்கில் மிகச் சிறந்த லாட்டுக்குக் கிடைத்த விலை. சாதாரண விவசாயியின் வருமானத்தைச் சொல்வது ஆவரேஜ்தான். பத்திரிகைகள் தலைப்பில் போடுவது என்னவோ முதலாவதை. எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம்.

சட்டத்திலும் ஒரு ஜோடியைச் சொல்லிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘சப்-ஸ்டாண்டர்டு’ என்றால் தரம் குறைந்தது. ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘அன்சேஃப்’ என்றால் சிறை வரை போகும். காய் பச்சையாகத் தெரிய அனுமதியில்லாத சாயம் ஏற்றுவது இரண்டாவது வகை. ‘தரம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதானே’ என்று சமாளிக்க முடியாது.

அடுத்த முறை ஏலக்காய் வாங்கும்போது கடைக்காரர் போல்டு, சுப்பீரியர், ஸ்பெஷல் என்று எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடாதீர்கள். எத்தனை எம்.எம்., லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் ஒரு காயை உரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே விதை கறுத்து, தோலுக்குள் நிறைந்து இருந்தால் வாங்கலாம்.