லயத்து வாசலில் வானொலி

எல்லக் கணவாயில் கச்சான் காற்று எழுகின்ற ஆடி, ஆவணி மாதங்களில் வானொலி கேட்பது ஒரு தவம். குமிழை மயிரிழை திருப்பினால் கொழும்பு. இன்னொரு மயிரிழை திருப்பினால் வெறும் இரைச்சல். புகையிரதப் பாதையில் ஏறக்குறைய 270 கிலோ மீற்றர் தொலைவு அது. அத்தனை மலைகளையும் தாண்டி ஒரு குரல் எப்படி நம் இஸ்தோப்புக்கு வந்து சேருகிறது என்று அந்நாளில் எங்கள் லயத்தில் எவரும் ஆராய்ந்ததில்லை. வந்தது, கேட்டோம்.

அக்குரலின் பூர்வோத்தரத்தை ஏட்டறிவால் பின்னரே அறிந்தேன். 1925 டிசம்பர் 16ஆம் நாள் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளரின் முயற்சியால் கொழும்பு வானொலி பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படையினர் நடத்திய நிலையத்தின் சாதனங்கள் போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர் நிலைத்தது. 1967இல் கூட்டுத்தாபனமாயிற்று. பெயர் எத்தனை மாறினும் எங்கள் கிழவிகளுக்கு அது என்றும் ‘செலோன் ரேடியா’தான்.

லயத்துக் காம்பராக்களில் அன்று மின்சாரம் ஏது? பற்றரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் வந்த பின்னரே வானொலி எங்களுடையதாயிற்று. அடுத்த காம்பராப் பெரியப்பா ஒன்று வாங்கினார். பகலில் பற்றரிகளைக் கழற்றி வெயிலில் காய வைப்பார். மாலையில் அவை மீண்டும் உயிர்த்தெழும் என்பது அவர் நம்பிக்கை. பெரும்பாலும் உயிர்த்தெழவும் செய்தன.

பாட்டைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவில் நிற்பது பேச்சு. விடியற்காலையில் தப்புச் சத்தம் ஓய்ந்ததும் நற்சிந்தனை. சைவருக்கு ஒன்று, இஸ்லாமியருக்கு ஒன்று, கிறிஸ்தவருக்கு ஒன்று. பெரியப்பா மூன்றையும் கேட்பார். “நல்ல வார்த்தைக்கு ஏதுப்பா வேலி?” என்பார். பின்னர் செய்திகள். அவற்றைத் தொடர்ந்து மரண அறிவித்தல்.

மரண அறிவித்தல் வாசிக்கும்போது லயம் மூச்சடங்கும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, தெமோதரை என்று ஊர்ப் பெயர் வரவரக் கூடையைத் தலையில் மாட்டிய பெண்களும் அப்படியே நிற்பார்கள். தோட்டத்துக்குத் தந்தி வந்தால் அது முதலில் ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து கணக்கப்பிள்ளை கைக்கு, பிறகு மலைக்கு. அது வந்து சேருமுன் பல வேளை பிணம் எடுத்தாகிவிடும். வானொலி மட்டும் எவர் கைக்கும் போகாமல் நேரே எங்கள் காதுக்கு வந்தது. ஒருநாள் காலை என் தாய்மாமன் பெயர் வந்தது. அம்மா பிரட்டுக்குப் போகவில்லை. கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு எல்ல ஸ்டேசனுக்கு ஓடினாள்.

பாடசாலை ஒலிபரப்பு, மாதர் பகுதி, பயிர்ச்செய்கைப் பேச்சு ஆகியவற்றைச் சுருக்கமாய் விடலாம். அந்நேரத்தில் லயத்தில் இருப்பவர்கள் பிள்ளைக்காம்பராக் குழந்தைகளும் நோயாளிகளுமே. மாலையில் நாடகம் என்றால் இஸ்தோப்பு நிறையும். ‘சானா’ என்ற சண்முகநாதன் தயாரித்த நாடகங்களும், இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ போன்ற தொடர்களும் யாழ்ப்பாணத்துப் பேச்சை மலைநாட்டுக்குக் கொண்டுவந்த கதை சுவையானது. வடக்கைக் கண்ணால் கண்டறியாத எங்கள் சிறுவர் ‘வடிவு’ என்றும் ‘பெடியன்’ என்றும் பேசித் திரிந்தார்கள். பின்னர் ‘கோமாளிகளின் கும்மாளம்’ வந்தது. மரிக்கார் ராமதாசின் முஸ்லிம் தமிழ், அப்புக்குட்டி ராஜகோபாலின் யாழ்ப்பாணத் தமிழ், உபாலி செல்வசேகரனின் சிங்களவாடைத் தமிழ், அப்துல் ஹமீதின் ஐயர் தமிழ் என நான்கு தமிழும் ஒருங்கே ஒலித்தன. 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமுமாயிற்று. வயிறு குலுங்கச் சிரித்தோம். ஆயினும் அந்நால்வரில் ஒருவர் வாயிலும் எங்கள் தோட்டத்துத் தமிழ் இல்லை என்பதை அப்பாயிதான் முதலில் கண்டாள். “நம்ம பேச்சு மட்டும் எங்க போச்சு?” என்று கேட்டாள். ஐந்தாவதாக ஒருவருக்கு அங்கே இடம் இருந்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்களைப் பற்றி வானொலி பேசிய நாளும் உண்டு. 1964 அக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட செய்தி அது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பேசப்படும். (1974இல் அதனையும் சரிபாதியாகப் பிரித்தார்கள்.) செய்தி வாசித்தவர் குரலில் எவ்விதச் சலனமும் இல்லை, இருக்கவும் கூடாது, அது அத்தொழிலின் தருமம். அப்பாயி மட்டும், “அந்த அஞ்சு லச்சத்துல நம்ம லயத்துல எத்தன பேருடா?” என்று பெரியப்பாவைக் கேட்டாள். பெரியப்பா பதில் சொல்லவில்லை. பற்றரி வீணாகிறது என்று பெட்டியை நிறுத்திவிட்டார்.

விடை சில ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது; எங்களுக்கு வரவில்லை. தலைமன்னாரில் கப்பலேறுவதற்காக அவர்கள் எல்லயில் ரயிலேறிய அன்று டிரான்சிஸ்டரைத் துணியில் சுற்றித் தம் மடியிலேயே வைத்திருந்தார். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததாக எழுதினார். அங்கும் அதே மலை, அதே குளிர், அதே கொழுந்து. இரவில் கொழும்பு தெளிவாகக் கேட்கிறது என்றும் ஒரு வரி எழுதியிருந்தார்.

அப்பாயி காலமானபோது மரண அறிவித்தல் கொடுத்தோம். உறவினர் பெயர்களை எழுதுகையில் கடல் கடந்தவர்களையும் சேர்க்கச் சொன்னார் அப்பா. அவர்கள் கேட்கப்போகிறார்களா என்று எனக்கு உள்ளூர ஐயம். இரண்டு வாரம் கழித்துக் கோத்தகிரி முத்திரையோடு கடிதம் வந்தது. நாங்கள் தகவல் எழுதிப்போட்ட கடிதம் அப்போதும் அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. “ரேடியோவில் கேட்டோம். அன்று இரவே எல்லோரும் தலை முழுகினோம்” என்று மட்டும் எழுதியிருந்தார் பெரியப்பா.