முகவரிக்கு நடுவே ஒருவர்

கல்யாணப் பத்திரிகையில் இப்போது எல்லோரும் கேட்டு வாங்குவது, மண்டபத்துக்கு வழிகாட்டும் கியூஆர் கோடு. மதுரையில் பத்திரிகை அடித்துக் கொடுப்பது என் தொழில். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் ஒட்டுத்தாள் ஒட்டியாவது சமாளிக்கலாம். அந்தக் கட்டம் வேலை செய்யாவிட்டால், விநியோகம் முடிந்த ஆயிரம் பத்திரிகையைத் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்க ஆரம்பித்தேன். பெரும்பாலான பத்திரிகைகளில் உள்ளே இருப்பது மண்டபத்தின் முகவரி இல்லை, ஒரு ஷார்ட் லிங்க், அதாவது சுருக்கிய இணைய முகவரி.

ஏன் சுருக்குகிறார்கள் என்பதற்கு அச்சுத் தொழிலிலேயே நியாயம் உண்டு. கியூஆர் கோடில் மிகச் சிறியது பக்கத்துக்கு 21 புள்ளிக் கட்டம், மிகப் பெரியது 177. முகவரி நீள நீளக் கட்டங்கள் பொடியாகும். சொரசொரப்பான அட்டையில், தங்க ஃபாயிலில் அந்தப் பொடிக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், போன் படிக்காது. தமிழில் அமைந்த முகவரி என்றால் இன்னும் நீளம். ‘தமிழ்’ என்ற சொல்லைக் கணினி ஐந்து குறிகளாகப் பிரிக்கிறது. முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொன்றும் ஒன்பது எழுத்தாக விரியும். மூன்றெழுத்துச் சொல் 45 எழுத்தாகிவிடும்.

இந்த நீளத் தொல்லைக்குப் பிரபலமான தீர்வாக வந்தது டைனியுஆர்எல். 2002இல் அமெரிக்காவின் மினசோட்டாவைச் சேர்ந்த கெவின் கில்பர்ட்சன் தொடங்கினார். வேலை செய்யும் விதம் எளிது. நீள முகவரியை ஒரு பேரேட்டில் எழுதி, அதற்கு நேரே ஐந்தாறு எழுத்தில் ஓர் அடையாளம் கொடுப்பார்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து 26, பெரிய எழுத்து 26, எண் 10 என மொத்தம் 62. ஐந்து இடமிருந்தால் 91 கோடிக்கும் மேற்பட்ட அடையாளங்கள் கிடைக்கும். ஆறு இடமிருந்தால் 5,680 கோடி. நாம் ஷார்ட் லிங்க்கைத் தொட்டதும் போன் முதலில் போவது அந்தப் பேரேட்டுக்காரரிடம். அவர் உண்மையான முகவரியைச் சொல்லித் திருப்பி அனுப்புவார். பிறகுதான் போன் மண்டபத்தின் வரைபடத்தைக் கேட்கும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதால் நடுவில் ஒருவர் இருப்பதே தெரிவதில்லை.

அந்த நடு ஆளுக்கு நம்மைப் பற்றி நிறையத் தெரிய வரும். எத்தனை மணிக்குத் தொட்டோம், எந்த வகைப் போன், எந்த பிரவுசர், பல நேரங்களில் எந்தத் தளத்திலிருந்து வந்தோம் என்பதெல்லாம் அவர் கணக்கில் ஏறும். ஐபி எண்ணை வைத்து இணைய நிறுவனத்தையும் உத்தேசமாக ஊரையும் சொல்லிவிடலாம். குக்கீ வைத்திருந்தால், நேற்று வேறொரு ஷார்ட் லிங்க்கைத் தொட்டதும் இதே ஆள்தான் என்று சேர்த்துப் பார்க்கலாம். கடைகள் அனுப்பும் குறுஞ்செய்திகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு போன் எண்ணுக்கும் தனித்தனி லிங்க் உருவாக்கினால், ‘யாரோ ஒருவர் தொட்டார்’ என்ற கணக்கு ‘இந்த எண்ணுக்காரர் இத்தனை மணிக்குத் தொட்டார்’ என்று ஆகிவிடும். பத்திரிகையைப் பிரித்துப் பார்க்கும் பெரியம்மாவிடம் இதற்கெல்லாம் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு இது தவறாகவே படுகிறது.

லிங்க்கையே ஊகித்துப் பிடிப்பவர்கள் வேறு இருக்கிறார்கள். கார்னெல் டெக் ஆய்வாளர்கள் மார்ட்டின் ஜார்ஜியேவ், விட்டாலி ஷ்மாட்டிகோவ் இருவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஆய்வு நடந்தபோது கூகுள் மேப்ஸ் தந்தது ஐந்தெழுத்து லிங்க். ஐந்தெழுத்துகளை மாற்றி மாற்றிப் போட்டு, 2 கோடியே 39 லட்சத்துக்கும் மேற்பட்ட லிங்க்குகளை அவர்கள் திறந்துவிட்டார்கள். அவற்றில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று, இங்கிருந்து அங்கே போக வழி கேட்டவை. வீட்டு வாசலில் தொடங்கி, குறிப்பிட்ட நோய்க்கான மருத்துவமனையிலோ, போதை மறுவாழ்வு மையத்திலோ, சிறையிலோ முடிந்த வழிகள் அதில் இருந்தன. மைக்ரோசாஃப்ட்டின் ஒன்டிரைவ் கோப்புகளுக்கான லிங்க்குகளும் அதே முறையில் சிக்கின. அப்படித் திறந்த கோப்புறைகளில் 7 விழுக்காட்டில் வெளியாள் எதையும் புதிதாக எழுதிச் சேர்க்கவும் முடிந்தது. ஆய்வாளர்கள் தெரிவித்த பிறகு மேப்ஸ் 11, 12 எழுத்துக்கு மாறியது. சடங்கு, வளைகாப்புப் படங்களை ஷார்ட் லிங்க்கில் குடும்ப குரூப்பில் போடுகிறவர்களிடம் இதைத் தவறாமல் சொல்கிறேன். பூட்டு இல்லாத லிங்க் சிறியதாக இருந்தால், அது குரூப்போடு நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

எங்கே போகிறோம் என்பது மறைந்திருப்பது மோசடிக்காரர்களுக்கும் வசதி. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளிண்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வந்த போலி மின்னஞ்சலில் இருந்தது, பிட்.லி என்ற சுருக்கிச் சேவையின் லிங்க்.

என் தொழிலை நேரடியாக அடிப்பது நடு ஆளின் ஆயுள். பத்திரிகைக்கு வருகிறேன். இணையத்தில் ‘இலவச கியூஆர்’ செய்து தரும் பல தளங்கள், நாம் கொடுத்த முகவரியை நேரே பதிக்காமல் தங்கள் ஷார்ட் லிங்க்கைப் பதித்துக் கொடுக்கின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் அதை நிறுத்திவிட்டுப் பணம் கேட்கும். வேறிடத்தில் அடித்த பத்திரிகையோடு ஒரு பெண்ணின் அப்பா என்னிடம் வந்தார். “அண்ணே, போன வாரம் வரை மண்டபம் காட்டுச்சு. இப்ப காசு கட்டச் சொல்லுது.” முகூர்த்தத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. புதுக் கோடு அச்சிட்ட ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தேன். ஏற்கெனவே வெளியூருக்குப் போய்விட்ட பத்திரிகைகளுக்கு எதுவும் செய்ய முடியவில்லை.

பெரிய பெயர் என்பதாலும் நிம்மதி இல்லை. கூகுளே தன் கூ.ஜிஎல் சேவையில் புது லிங்க் உருவாக்குவதை 2019இல் நிறுத்தியது. பழைய லிங்க்குகளும் 2025 ஆகஸ்ட் 25 முதல் இயங்காது என்று அறிவித்து, எதிர்ப்பு வந்த பிறகு, புழக்கத்தில் இருப்பவற்றை மட்டும் விட்டுவைத்தது. பிட்.லியின் கடைசி இரண்டெழுத்து லிபியா நாட்டுக்கு உரியது. 2010இல் விபி.லி என்ற சுருக்கிச் சேவையின் பெயரை, தங்கள் சட்டத்துக்கு முரணானது என்று லிபியா பறித்துக்கொண்டது.

நம் நாட்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிகக் குறுஞ்செய்திகளை அனுப்பக் கூடாது என்று 2024 அக்டோபர் முதல் தொலைபேசி நிறுவனங்களைத் தடுத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் வாட்ஸ்அப்புக்கும் அச்சிட்ட அட்டைக்கும் அந்தக் காவல் இல்லை.

நான் இப்போது மண்டபத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மேப்ஸ் முகவரியோடு சேர்த்து நேரே பதிக்கிறேன். நாற்பது எழுத்துச் சொச்சம்தான் வருகிறது, கட்டமும் பொடியாவதில்லை, நடுவில் மூன்றாவது கம்பெனியும் இல்லை. பிட்.லி லிங்க் வந்தால் அதன் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்த்துத் திறந்தால், அது எங்கே கொண்டுபோகும் என்று போகாமலேயே பார்க்கலாம்.

பத்திரிகை அடிக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ப்ரூஃபில் பெயர்களைச் சரிபார்க்கும்போது கியூஆர் கோடையும் உங்கள் போனில் ஸ்கேன் செய்து, திரையில் முதலில் எந்தத் தளத்தின் பெயர் வருகிறது என்று பாருங்கள். கேள்விப்படாத கம்பெனியின் பெயர் வந்தால், மாற்றித் தரும்வரை ஓகே சொல்லாதீர்கள்.