பழைய போர்டு எஞ்சினுக்குத் திருத்திய ஸிலிண்டர் ஹெட் பொருத்தும் முறை

அமெரிக்காவில் போர்டு கம்பெனியார் 1908 முதல் 1927 வரை உற்பத்தி செய்த ‘மாடல் டி’ என்னும் மோட்டார் வண்டி ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தது. அந்நாட்டு விவசாயிகள் இதைப் பிரயாணத்திற்கு மட்டுமன்றிப் பண்ணை வேலைக்கும் உபயோகித்தனர். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கி நிறுத்தி, அதில் பட்டையை மாட்டி, மரம் அறுக்கவும் நீர் இறைக்கவும் செய்தனர். இவ்வண்டிகளுள் பல இன்றும் ஓடுகின்றன. இவற்றை வைத்திருப்போர் பெரிதும் விரும்பும் சீர்திருத்தம், பழைய ஹெட்டை நீக்கி அதிக அமுக்கம் தரும் ஹெட்டைப் பொருத்துவதாகும். இவ்வேலையில் அனுகூலம் எவ்வளவு, அபாயம் எங்கே என்பதை அறிந்து செய்தல் நலம்.

எஞ்சினின் அமைப்பு

இதன் நான்கு ஸிலிண்டர்களும் ஒரே வார்ப்பாக அமைந்தவை. துளையின் விட்டம் 3¾ அங்குலம். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 4 அங்குலம். சக்தி 20 குதிரைத்திறன். வால்வுகள் ஸிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே இருக்கின்றன. ஆகையால் ஹெட் என்பது, எரி அறையும் நீர்ப்பாதையும் கொண்ட ஒரு மூடியே. 15 போல்ட்டுகளைக் கழற்றினால் அது தனியே வந்துவிடும். இச்சுலபத்தினாலேயே இந்த எஞ்சினுக்குப் பலவகை ஹெட்டுகள் செய்யப்பட்டன. வால்வுகளை மேலே கொண்டுசெல்லும் பந்தய ஹெட்டுகளும் அக்காலத்தில் விற்பனையாயின. செவர்லே சகோதரர்களின் ‘பிரான்டினாக்’ அவற்றுள் ஒன்று. அவை அதிகச் செலவும் வேலையும் வேண்டுபவை. இங்கே கூறுவது பக்கவால்வு எஞ்சினுக்குரிய எளிய ஹெட்டைப் பற்றியது.

சக்தி பெருகும் விதம்

பிஸ்டன் அடியில் நிற்கும்போது உள்ள இடத்திற்கும், உச்சியில் நிற்கும்போது எஞ்சும் இடத்திற்கும் உள்ள விகிதமே அமுக்க விகிதமாகும். 1920-களில் வந்த எஞ்சின்களில் இது ஏறக்குறைய 4-க்கு 1. அக்காலத்துப் பெட்ரோல் அதிக அமுக்கத்தைத் தாங்காமல் ‘தட்டும்’ இயல்புடையதாதலால், விகிதம் குறைவாகவே வைக்கப்பட்டது. இக்காலத்துப் பெட்ரோலில் அக்குறை மிகவும் நீங்கியுள்ளது. எனவே விகிதத்தை 6-க்கு 1 வரை உயர்த்த இடமுண்டு.

கணக்கு இதுவாகும். ஒரு ஸிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் இடம் சுமார் 44 கன அங்குலம். 4-க்கு 1 விகிதத்தில் எரி அறை சுமார் 14¾ கன அங்குலம். 6-க்கு 1 விகிதத்தில் 9-க்குச் சற்றுக் குறைவு. இவ்வாறு அறையைச் சுருக்குவதனால், அதே எரிபொருளிலிருந்து பெறும் வேலை சாஸ்திரக் கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு கூடும்.

அறையின் உருவமும் முக்கியமானது. முதல் உலக யுத்தத்திற்குப் பின்னர், ஹாரி ரிக்கார்டோ என்னும் ஆங்கிலேய நிபுணர் எரி அறையை வால்வுகளின் மேல் ஒதுக்கி, பிஸ்டனின் மேற்பாகத்தை ஹெட் நெருங்கி நிற்கும்படி அமைத்தார். பிஸ்டன் மேலேறுகையில் அவ்விடத்துக் கலவை பிதுங்கி, அறைக்குள் சுழன்று விரைவில் எரிகிறது, தட்டுதலும் குறைகிறது.

முதலில் பார்க்கவேண்டியவை

மதகை அகலப்படுத்துமுன் வாய்க்கால் கரையின் பலத்தைப் பார்ப்பது நமது வழக்கம். எஞ்சினுக்கும் அதுவே விதி. ஹெட் மேலே மாறுகிறது. அதனால் கூடும் பளுவோ கீழே உள்ள கிராங்க் ஷாப்டின்மேல் விழுகிறது. இவ்வண்டியின் கிராங்க் ஷாப்ட் பேரிங்குகளில் அமரும் இடத்தில் 1¼ அங்குலப் பருமனே உள்ளது. பேரிங்குகள் பாபிட் என்னும் மென்மையான கலப்பு உலோகத்தால் ஆனவை. எண்ணெய் பம்பும் கிடையாது. எண்ணெய் சிதறி விழுவதனாலேயே அவை நனைகின்றன.

ஆகையால் கிராங்க் ஷாப்டில் விரிசல் உண்டா என்று காந்தப்பொடி கொண்டு பரிசோதிப்பித்தல் அவசியம். பேரிங்குகள் தேய்ந்து ஆட்டம் கண்டிருந்தால், முதலில் அவற்றைச் சீர்செய்யவேண்டும். கீழ்ப்பாகம் பழுதாயிருக்கப் புது ஹெட்டைப் பொருத்தினால், ஷாப்ட் முறிந்து பிளாக்கும் கெடக்கூடும்.

பொருத்தும் முறை

1. ரேடியேட்டர் நீரை வடித்து, பழைய ஹெட்டை நீக்குக. பழைய கேஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதைச் சுரண்டாமல் நனைத்து எடுத்து, கல்நார் கலவாத புதிய கேஸ்கெட்டை உபயோகிக்கவும்.

2. பிளாக்கின் மேற்பரப்பைச் சுத்தம் செய்து, நேர்ச்சட்டம் வைத்துச் சமமாயிருக்கிறதா எனப் பார்க்கவும். போல்ட் துளைகளில் நீரோ எண்ணெயோ தேங்கியிருந்தால் முழுவதும் அகற்றுக. இல்லாவிடில் போல்ட்டை முறுக்கும்போது அடைபட்ட திரவம் வார்ப்பைப் பிளந்துவிடும்.

3. பிஸ்டன்களின்மீதும் வால்வுகளின்மீதும் மென்மையான களிமண்ணை அப்பி, கேஸ்கெட்டுடன் ஹெட்டை வைத்துச் சில போல்ட்டுகளைமட்டும் இறுக்கி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுக. பின் திறந்து, களிமண்ணின் மிக மெல்லிய இடத்தை அளந்தால் இடைவெளி தெரியும். துளை பெரிதாக்கப்பட்ட எஞ்சினில் பிஸ்டன் விளிம்பு ஹெட்டில் இடிக்கக்கூடுமாதலால், இப்பரிசோதனையை ஒருபோதும் விடலாகாது. முடிந்ததும் மண்ணைத் துளியும் மிஞ்சாமல் துடைக்கவும்.

4. ஹெட் அலுமினியமாயின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் கடினமான எஃகு வாஷர் இடவும். நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறி, மூன்று தவணையாக, முறுக்களவு காட்டும் ஸ்பானரால், ஹெட்டைச் செய்தோர் குறித்த அளவிற்கு இறுக்குக.

5. எஞ்சினைச் சூடேறும்வரை ஓட்டி நிறுத்துக. இரும்பு ஹெட்டைச் சூட்டிலேயும், அலுமினிய ஹெட்டை முழுதும் ஆறிய பின்னும் மறுபடி இறுக்கவேண்டும். அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் இருமடங்கு விரிவதே இதற்குக் காரணம். அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் ரேடியேட்டர் நீரில் கலக்கவும்.

ஓட்டுவோர் கவனத்திற்கு

தீப்பொறியின் நேரத்தை இவ்வண்டியில் ஸ்டியரிங்கின் கீழுள்ள இடப்புறக் கைப்பிடியால் மாற்றலாம். புது ஹெட்டில் கலவை விரைந்து எரிவதால், முன்போல் அதிகம் முற்படுத்தத் தேவையில்லை. கையால் சுற்றிக் கிளப்பும்போது கைப்பிடியைப் பின்தள்ளி வைப்பது கட்டாயம். அமுக்கம் கூடிய எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் சுற்றுபவர் கை முறியும்.

முன்சக்கரங்களுக்கு இவ்வண்டியில் பிரேக் இல்லை. கால் பிரேக் கியர் பெட்டிக்குள் இயங்குவது. பழைய எஞ்சினுடன் மணிக்கு 40 முதல் 45 மைல் ஓடிய வண்டியை, அதற்கு மேல் விரைவாக ஓட்டுவது தகாது. கூடிய சக்தியை மேட்டில் ஏறவும் பாரம் இழுக்கவும் உபயோகிப்பதே விவேகம்.

நம் வாசகர்களுள் இவ்வண்டியை உடையோர் சிலரே இருக்கலாம். எனினும் நீர் இறைக்கும் எஞ்சினையோ டிராக்டரையோ திருத்தியமைக்க எவரேனும் யோசனை கூறினால், “எவ்வளவு சக்தி கூடும்?” என்று கேட்பதோடு நில்லாது, “கூடும் சக்தியைத் தாங்கும் பாகம் எது? அது திடமாயிருக்கிறதா?” என்றும் கேட்டறிதல் வேண்டும்.