மதர்போர்டு போகவில்லை, சார்

மேல்வீட்டு சார் லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “லைட் எரியுது, ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் மட்டும் வரமாட்டேங்குது தம்பி. கடையில மதர்போர்டு போச்சுன்னுட்டாங்க.” 2014-இல் மகள் படிப்புக்காக வாங்கியது.

“டீயைக் குடிங்க சார், பிரிச்சுப் பாத்துடுவோம்” என்றேன்.

லேப்டாப்பை ஆன் செய்ததும் அது முதலில் தேடும் பொருள்களில் ஒன்று ரேம். அங்கிருந்து பதில் வராவிட்டால் திரையில் எதுவுமே வராது. சில மாடல்கள் பீப் அடிக்கும், சில விளக்கைச் சிமிட்டும், சில சும்மா இருக்கும். அதனால் மதர்போர்டுக்கு விலை கேட்கும் முன்னால் ரேமைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தோம். உள்ளே மிஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் போக ஓர் இரும்புப் பொருளையும் தொட்டுக்கொண்டேன். அடிமூடியைத் திறந்தால் இரண்டு ரேம். பக்கத்துக் கொக்கிகளை விரலால் வெளியே தள்ளியதும் மேலே இருந்தது சாய்ந்து எழுந்தது. 204 தங்கநிறப் பட்டைகளில் ஓரமாகச் சில கறுத்திருந்தன. பள்ளிக்கூட அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைப் பிரஷால் தட்டினேன். வாயால் ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும்.

மாட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். சாய்வாகச் செருகி, தங்க விளிம்பு ஏறக்குறைய மறையும்வரை உள்ளே தள்ளி, பிறகே கீழே அமுக்க வேண்டும். இருபக்கமும் ‘டக்’ என்று விழ வேண்டும்.

ஒன்றை மட்டும் மாட்டினோம். திரை வந்தது! சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதை எடுத்துவிட்டு இன்னொன்றை அதே ஸ்லாட்டில் போட்டோம்: இருட்டு. அடுத்த ஸ்லாட்டிலும் இருட்டு. ஆக, ஸ்லாட் நல்லது, அந்த ஒரு ரேம்தான் போயிருக்கிறது.

நல்லதாகத் தெரிந்த ரேமையும் அப்படியே நம்பிவிட முடியாது. அரைகுறை ரேம் முழுதாய்ச் செத்த ரேமைவிட ஆபத்து. எப்போதாவது நீலத்திரை காட்டும். அதற்கிடையே நாம் சேமிக்கும் போட்டோவையும் கணக்கையும் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இலவசம், பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டோம். ஒரே ஒரு பிழை வந்தாலும் சந்தேகம்தான். காலையில் பூஜ்யம்.

வேகம் குறைவது மட்டும்தான் தொல்லை என்றால் அது வேறு கதை. டாஸ்க் மேனேஜரில் மெமரி எப்போதும் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் கெடவில்லை, போதவில்லை. கூடுதலாகப் போடும் முன் விண்டோஸ் 32-பிட்டா என்று பாருங்கள். சாதாரண 32-பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது.

சார் செத்த ரேமைக் காகிதத்தில் மடித்தார். “டிடிஆர்3-ன்னு கேட்டா போதுமா தம்பி?”

“போதாது சார். உங்க லேப்டாப்ல இருக்கறது இன்டெல் நாலாம் தலைமுறை. அதுக்கு 1.35 வோல்ட் ரேம்தான் வேணும், பழைய 1.5 வோல்ட் ரேம் போட்டா ஸ்கிரீனே வராம போகலாம். லேபிள்ல பிசி3எல்-னு போட்டிருக்கு பாருங்க, அந்த எல் எழுத்தைக் காட்டிக் கேளுங்க.”

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, காகிதத்தின்மேல் அந்த எழுத்தைப் பெரிதாக எழுதி வட்டம் போட்டுக்கொண்டார்.