மண்ணுல புதைச்ச பாக்கெட்

செகண்ட் இயர் பிப்ரவரியில கொடைக்கானல் பக்கம் ரெண்டு நாள் ட்ரெக் போனோம். ஒன்பது பேர். மதியம் சாப்பிட்ட எனர்ஜி பார் உறையில ஒரு பச்சை இலை படமும், பக்கத்துல 'மக்கும்'னு ஒரு வார்த்தையும் இருந்தது. மக்கும்னா மண்ணுக்குத்தானே போகணும்? ஒரு பாறை ஓரமா சாண் ஆழம் தோண்டி ஒன்பது உறையையும் புதைச்சேன். நானேதான். கூட வந்தவங்களுக்கு ஒரு லெக்சர் வேற கொடுத்தேன்.

அடுத்த ஜனவரியில அதே வழியில போனப்ப பாறையைத் தேடிப் பார்த்தேன். ஏதோ விலங்கு, காட்டுப்பன்னியா இருக்கலாம், மண்ணைக் கிளறிப் போட்டிருந்தது. நாலு உறை வெளியில கிடந்தது. இலையோட பச்சை நிறம்கூட மங்கலை. தோண்டினதுல இன்னும் மூணு வந்துச்சு. மீதி ரெண்டு கிடைக்கவே இல்லை. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேட வேண்டிய வேலை எனக்கு அன்னைக்கே முடிஞ்சுது.

உறையோட பின்பக்கம் பொடி எழுத்துல விஷயம் இருந்தது: 'தொழிற்சாலை உரக்கிடங்கில் மட்டும்'. அது பிஎல்ஏங்கற பிளாஸ்டிக். மக்காச்சோளம், கரும்பு மாதிரி பயிர்கள்ல இருந்து கிடைக்கிற லாக்டிக் அமிலத்தைக் கோர்த்துச் செய்யறாங்க. மக்கும்னு சொன்னது பொய் இல்லை. ஆனா அதுக்கு 58 டிகிரி பக்கம் சூடும் ஈரமும் வாரக்கணக்குல விடாம இருக்கணும். கொடைக்கானல் மண்ணுக்கு அந்தச் சூடு எங்கேருந்து வரும்?

சரி, மத்த ட்ரெக் சாப்பாட்டு பாக்கெட் எல்லாம் என்ன? வெந்நீர் ஊத்தினா பத்து நிமிஷத்துல உப்புமா ஆகற வெள்ளி நிறப் பாக்கெட்டை எடுத்துக்குங்க. வெளியில 12 மைக்ரான் பாலியஸ்டர், அது பிரிண்டுக்கும் உறுதிக்கும். நடுவுல 7 முதல் 9 மைக்ரான் அலுமினியத் தாள், அது காத்து, ஈரம், வெளிச்சம் மூணையும் நிறுத்தறதுக்கு. உள்ள பாலிஎத்திலீன், அது சூடு வெச்சு ஒட்டறதுக்கு. மொத்தமும் ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன்தான். என்ஜினியரிங்கா பார்த்தா அருமையான பொருள், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. பிரச்சனை சாப்பிட்டு முடிச்ச அப்புறம்தான் ஆரம்பிக்குது. பாலிஎத்திலீன் 130 டிகிரிக்குள்ள உருகிடும், பாலியஸ்டருக்கு 250க்கு மேல வேணும், அலுமினியத்துக்கு 660. பசை போட்டு ஒட்டின இந்த மூணையும் யார் பிரிக்கறது? எங்க ஏரியா பழைய பேப்பர் கடை அண்ணன்கிட்ட ஒரு பை நிறைய கொண்டு போனேன். வாட்டர் பாட்டிலையும் அட்டையையும் தராசுல போட்டார். வெள்ளிப் பாக்கெட்டை மட்டும் தொடாம, "இத எதுக்கு தம்பி கொண்டு வந்த?"ன்னு கேட்டார்.

எங்க முதல் ப்ரோட்டோடைப் பழுப்பு பேப்பர், உள்ள பிஎல்ஏ பூச்சு. (புதைச்சும் புத்தி வரலை.) ரெவ்யூ அன்னைக்கு 95 டிகிரி வெந்நீர் ஊத்தினோம். பிஎல்ஏ 60 டிகிரி பக்கமே இளக ஆரம்பிச்சுடும். பை அடிப்பக்கம் தொங்கி, சீல் விட்டு, உப்புமா முழுக்க லேப் டேபிள்ல. சார் திட்டலை. துடைச்சு முடிக்கற வரைக்கும் இருந்துட்டு, "இந்த பாக்கெட் எத்தனை நாள் தாங்கணும்?"னு மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்ககிட்ட பதில் இல்லை. கடை பாக்கெட்டைப் பார்த்து நாங்களும் ரெண்டு வருஷம்னு வெச்சிருந்தோம். ஆனா எங்க க்ளப் வியாழக்கிழமை பேக் பண்ணி சனி, ஞாயிறுல சாப்பிட்டு முடிச்சிடும். மிஞ்சிப் போனா மூணு வாரம்.

கணக்கு போட்டுப் பாருங்க. 80 கிராம் உப்புமா மிக்ஸ், 2.4 கிராம் ஈரம் ஏறினா கெட்டுப்போகும்னு வெச்சுக்குவோம். பாக்கெட்டோட ரெண்டு பக்கமும் சேர்த்து 0.06 சதுர மீட்டர். 21 நாள் தாங்கணும்னா, ஒரு சதுர மீட்டர் வழியா நாளைக்கு 1.9 கிராம் வரைக்கும் ஈரம் நுழையலாம். 730 நாள்னா 0.05 கிராம்தான் நுழையலாம். கிட்டத்தட்ட 35 மடங்கு வித்தியாசம். அலுமினியத்தைக் கேட்கறது உப்புமா இல்லை, கடை அலமாரி.

1.9ங்கற எண்ணை அலுமினியம் இல்லாம, கொஞ்சம் தடிமனான பாலிப்ரொப்பிலீன் படலத்தாலயே எட்ட முடியும்னு தெரிஞ்சுது. ஹோட்டல்ல சாம்பார் பார்சல் வர்ற டப்பா இருக்கே, அடியில முக்கோணத்துக்குள்ள 5னு போட்டிருக்கும், அதே பொருள். 160 டிகிரி பக்கம்தான் உருகும், அதனால வெந்நீருக்கு அசையாது. ஆனா ஆக்ஸிஜனைச் சரியா நிறுத்தாது. நெய், முந்திரி இருந்தா சிக்கு வாடை வந்துடும். அதுக்கு நடுவுல ஈவிஓஹெச்னு ஒரு மெல்லிய அடுக்கு போடலாம். மொத்த எடையில 5 சதவீதத்துக்குள்ள இருந்தா மறுசுழற்சிக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஈரம் பட்டா அது பலவீனமாயிடும், அதனாலதான் ரெண்டு பக்கமும் பாலிப்ரொப்பிலீன். இப்படி ஏறக்குறைய ஒரே பொருள்ல செஞ்சாலும் மசாலா ஒட்டின பாக்கெட்டைக் கடை அண்ணன் வாங்க மாட்டார். அதனால கை விட்டு அலசற அளவுக்கு வாயை அகலமா வெச்சோம்.

பாக்கெட்டை நாலு பேருக்கு ஒண்ணா போட்டோம். அதே வடிவத்துல நாலு மடங்கு கொள்ளளவுன்னா பரப்பு நாலு மடங்கு ஆகாது, 2.52 மடங்குதான். பொருள் 37 சதவீதம் மிச்சம், ஒரு புது தொழில்நுட்பமும் இல்லாம.

அப்புறம் அந்தக் கிழிச்ச மூலை. ட்ரெக் வழியில நீங்க பார்க்கற குப்பையில முழு பாக்கெட்டைவிட, பிரிக்கறப்ப கிழிஞ்சு விழற அந்த நகம் அளவு துண்டு அதிகம். யாரும் வேணும்னு போடறது இல்லை, கையில இருந்து நழுவறதுதான். ஐரோப்பாவுல 2024 ஜூலையில இருந்து 3 லிட்டர் வரைக்குமான பிளாஸ்டிக் பான பாட்டில்கள்ல மூடி பாட்டிலோடவே ஒட்டி இருக்கணும்னு விதி. அதே யோசனைதான்: கிழியற கோட்டை ஓரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னாடியே நிறுத்திட்டோம். துண்டு தொங்கும், விழாது.

காலி பாக்கெட் கீழே திரும்பி வரணுமே? அதுக்கு நீலகிரி உதாரணம் இருக்கு. 2022ல உயர் நீதிமன்றம் சொன்னதுக்கு அப்புறம் டாஸ்மாக்ல பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர ஆரம்பிச்சாங்க. பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்துச்சு. எங்க க்ளப்லயும் ஒரு பாக்கெட்டுக்கு 20 ரூபாய் டெபாசிட். முதல் ட்ரெக்ல 12 பாக்கெட் போச்சு, 12ம் வந்துச்சு. ஒண்ணு மட்டும் யாரோட சாக்ஸுக்குள்ளயோ இருந்தது, எப்படின்னு கேட்காதீங்க.

இப்போ லேப்ல 14 பாக்கெட் ஒரு மூடின டப்பாவுக்குள்ள இருக்கு. அடியில தெவிட்டிய உப்புக் கரைசல், அது உள்ளே ஈரப்பதத்தை 75 சதவீதத்துல பிடிச்சு வைக்கும். தினமும் காலையில எடை பார்க்கறோம். இன்னைக்கு 16ஆவது நாள். 13 பாக்கெட் எல்லைக்குள்ள இருக்கு. ஒண்ணுல மட்டும் சீல் சரியா விழாம 3 கிராம் ஏறிடுச்சு.

அந்த சீல் போட்டதும் நான்தான்.