நோக்கமும் விளைவும்: இலத்தீன் இலக்கணத்தில் ஒரு பாடம்

தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நான் வீட்டுக்கு வரும்போது காலை ஆறரை மணியாகிவிடும். மகள் பாடசாலைக்குப் புறப்படுமுன் கிடைக்கும் அரைமணி நேரத்தில் அவளோடு இருந்து இலத்தீன் பாடம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஒருகாலத்தில் விரிவுரை மண்டபத்தில் நின்று கதைத்தவனுக்கு, மாணவனாகக் கதிரையில் இருப்பதும் சுகமாகத்தான் இருக்கிறது. ஜேர்மனியில் கிம்னாசியம் செல்லும் எம்மவர் பிள்ளைகளின் பெற்றோருக்கு உதவக்கூடுமென்பதால், அதிலொரு பாடத்தை இங்கே விளக்க முனைகிறேன்.

இலத்தீனில் 'உட்' என்றோர் இணைப்புச்சொல் உண்டு. 'புவெர் குர்ரிட் உட் மாட்ரெம் விடெயட்' என்றால், 'தாயைக் காண்பதற்காகப் பையன் ஓடுகிறான்'. இது நோக்கம். 'புவெர் டாம் ஃபெஸ்ஸுஸ் எஸ்ட் உட் கடட்' என்றால், 'விழுந்துவிடும் அளவுக்குப் பையன் களைத்திருக்கிறான்'. இது விளைவு. சாதாரணமாகக் 'காண்கிறான்' என்பது 'விடெட்'. 'விழுகிறான்' என்பது 'கடிட்'. 'உட்'டுக்குப் பின்னால் அவை 'விடெயட்', 'கடட்' என மாறுகின்றன. பிள்ளைகளின் புத்தகத்தில் 'கொன்யுங்க்டிவ்' எனப்படுவது இவ்வடிவமே. நோக்கம் நிறைவேறலாம், நிறைவேறாமலும் போகலாம். ஆகவே அங்கே இவ்வடிவம் பொருந்துகிறது. நடந்தேறிவிட்ட விளைவுக்கும் இலத்தீன் இதே வடிவத்தைக் கொடுக்கிறது. மாணவர் தடுமாறுவது இங்கேதான்.

பிரித்தறிய இரண்டு வழிகள் உண்டு. முதல் வாசகத்தில் 'டாம்', 'இடா', 'டான்டுஸ்' போன்று 'அவ்வளவு', 'அப்படி' எனப் பொருள்தரும் சொல் வந்தால், பின்னால் வருவது பெரும்பாலும் விளைவு. அடுத்தது எதிர்மறை. நோக்கத்தை மறுக்க 'நே' வரும்: 'நே கடட்', 'விழாதிருப்பதற்காக'. விளைவை மறுக்க 'உட் நோன்' வரும்: 'டாம் ஃபெஸ்ஸுஸ் எஸ்ட் உட் குர்ரெரெ நோன் பொஸ்ஸிட்', 'ஓடமுடியாத அளவுக்குக் களைத்திருக்கிறான்'. காலத்தையும் கவனிக்க வேண்டும். 'ஓடினான்' என்று முதல்வினை இறந்தகாலமானால், 'விடெயட்' என்பது 'விடெரெட்' ஆகும்.

தமிழருக்கு இது புதிதல்ல. 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்கிறோம்; 'குளம் நிறைய மழை பெய்தது' என்றும் சொல்கிறோம். முன்னதில் 'பெய்ய' காரணம். பின்னதில் 'நிறைய' காரியம். எமது இலக்கணகாரர் செயவென் எச்சத்துக்குக் காரணம், காரியம், உடனிகழ்ச்சி என மூன்று பொருள் காட்டினர். ஜேர்மன் மொழியோ சொல்லாலேயே பிரித்துவிடுகிறது: நோக்கத்துக்கு 'டமிட்', விளைவுக்கு 'சோ டாஸ்'.

இந்த இரண்டு சொற்களையும் மகளின் கொப்பியில் அருகருகே கண்டபோது எனக்குப் பழைய கடதாசியொன்று நினைவுக்கு வந்தது. 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் சண்டை மீண்டும் மூண்டது. மறுவருடம் இங்கே நடந்த தஞ்ச விசாரணையில் நான் சொன்னது இது: 'மகன் பள்ளிக்கூடம் போகமுடியாத அளவுக்கு ஷெல்லடி, உயிருக்குப் பயந்து வெளிக்கிட்டோம்.' பதியப்பட்டது இது: 'மகன் பள்ளிக்கூடம் போவதற்காக வெளிக்கிட்டோம்.' 'சோ டாஸ்' வரவேண்டிய இடத்தில் 'டமிட்' வந்திருந்தது. விளைவு நோக்கமாகிவிட்டது, ஷெல்லுக்கு ஓடியவன் படிப்புத் தேடி வந்தவனானேன். எழுதியதை வாசித்துக் காட்டித்தான் ஒப்பம் கேட்டார்கள். களைப்பில் நானும் தலையாட்டி ஒப்பமிட்டேன். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த ஒரு வசனத்தைத் திருத்துவதற்கு மேன்முறையீட்டில் இரண்டு வருடம் சென்றது.

மொழிபெயர்த்தவரும் ஒரு தமிழர்தான். அவர் வஞ்சகம் செய்தாரென நான் நினைக்கவில்லை. 'அளவுக்கு' என்பதையும் 'அதற்காக' என்பதையும் அவசரத்தில் ஒன்றாக்கிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் சட்டத்தின்முன் அவை இரண்டு வேறு வாழ்க்கைகள்.

இலத்தீன் செத்த மொழி, அதைப் பிள்ளைகள் ஏன் படிக்கவேண்டுமென எம்மவர் சிலர் கேட்கிறார்கள். அந்த மொழியை எவரும் இன்று வீட்டில் பேசுவதில்லை என்பது உண்மையே. எனினும் ஒரு வாசகம் நோக்கமா விளைவா என நின்று கேட்கும் பழக்கத்தை அது கொடுக்கிறது. விசாரணைக்குச் செல்லும் புதியவர்களுக்கு நான் சொல்வதும் அதுவே: எழுதியதை வாசிக்கும்போது, எந்த இடத்தில் 'டமிட்', எந்த இடத்தில் 'சோ டாஸ்' என்று கேளுங்கள். அதன்பின் ஒப்பமிடுங்கள்.