மோட்டிஃப் மாதிரிகளுக்கு வரம்பு விதித்தல்: ஒரு விளக்கம்

மரபணுத் தொடர்களைக் கணினிவழி ஆராயும்போது மாதிரிக்கு விதிக்கப்படும் வரம்புகளின் பயனையும் அவற்றால் நேரக்கூடிய பிழையையும் இக்கட்டுரையில் காண்போம்.

டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்னும் நான்கு எழுத்துகளாலான நீண்ட தொடர். அதில் ஒரு புரதம் பற்றும் இடங்கள் ஏறத்தாழ ஒரே எழுத்தமைப்பைக் கொண்டிருக்கும். இவ்வமைப்பை உயிரியலார் மோட்டிஃப் என்பர். ஒவ்வோர் இடத்திலும் எவ்வெழுத்து எவ்வளவு வரும் என்னும் விகித அட்டவணையாக மென்பொருள் அதனைக் கணிக்கின்றது. நான்கு விகிதங்களின் கூட்டுத்தொகை 1 ஆதலால், ஓரிடத்திற்கு 3 எண்களைக் கண்டறிய வேண்டும். 16 இடங்களுக்கு 48 எண்கள். சான்றுகள் குறைவாயின், தற்செயலான ஒற்றுமையும் மோட்டிஃபாகத் தோன்றிவிடும்.

இதனைத் தவிர்க்கவே வரம்புகள் தேவைப்படுகின்றன. திமோதி பெய்லி, சார்லஸ் எல்கன் ஆகியோர் 1994இல் அறிமுகப்படுத்திய மீம் என்னும் மென்பொருளில் மோட்டிஃபின் நீளத்திற்கு எல்லை குறிக்கலாம். ஒவ்வொரு தொடரிலும் அது தவறாது ஒருமுறை வருமா, வந்தால் ஒருமுறை மட்டும் வருமா, எத்தனை முறையும் வருமா என்பதையும் வரையறுக்கலாம்.

மற்றொரு வரம்பு சமச்சீர். மாலைமாற்றுச் செய்யுளை ஈற்றிலிருந்து படித்தாலும் அதே செய்யுள் கிடைக்கும். டி.என்.ஏ.யிலோ ஏ-க்கு எதிரே டி-யும் சி-க்கு எதிரே ஜி-யும் அமைவதால், எதிரிழையை அதன் திசையில் படிக்கும்போது அதே எழுத்தமைப்புக் கிடைப்பதே மாலைமாற்றாகும். எஸ்கெரிச்சியா கோலை என்னும் பாக்டீரியாவில் லெக்ஸ்ஏ புரதம் பற்றும் 16 எழுத்து இடம் 'சிடிஜிடி' எனத் தொடங்கி 'ஏசிஏஜி' என முடிவது இதற்குச் சான்று. அப்புரதத்தின் ஒத்த இரு கூறுகள் இணைந்து பற்றுவதே இதற்குக் காரணம். இவ்வரம்பை விதித்தால் 48 எண்கள் 24 ஆகக் குறையும். ஒவ்வொரு சான்றும் இருமுறை பயன்படும்.

எனினும், பொருந்தா இடத்தில் இவ்வரம்பு உண்மையைத் திரித்துவிடும். 'டிஏடிஏஏஏ' என்னும் டாட்டா பெட்டி சமச்சீரற்றது. அதன்மீது மாலைமாற்று வரம்பைத் திணித்தால், இரண்டாம், ஐந்தாம் இடங்கள் ஏ, டி இரண்டையும் சமமாக ஏற்பனவாகத் தோன்றும். மென்பொருள் இதனைப் பிழையென உணர்த்தாது. விதித்த வரம்பிற்குள் சிறந்த விடையையே தரும்.

ஆதலின், வரம்பு புரதத்தின் அமைப்பைப் பற்றிய அறிவிலிருந்து பிறக்க வேண்டுமேயன்றி, ஆய்வாளரின் விருப்பத்திலிருந்து பிறத்தலாகாது. அதே தொடர்களின் எழுத்துகளைக் கலைத்து, அதே வரம்புடன் மீண்டும் ஆராய்தல் நன்று. கலைத்த தொடர்களிலும் அதே அளவு வலிமையுள்ள மோட்டிஃப் கிடைக்குமாயின், முதலில் கண்டதையும் நாம் நம்புவதற்கில்லை.